விராலாகிப் போன அண்ணன்

முன்னொரு காலத்தில், கண்மாய்களுக்குக் காது கேட்ட காலத்தில், மருதநாடு என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே உடையான், பூவாயி என்று ஓர் அண்ணனும் தங்கையும் கூடை முடைந்து பிழைத்தார்கள். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் மேலக்கண்மாய், நடுக்கண்மாய், கீழக்கண்மாய் என்று மூன்று கண்மாய்களுக்கும் தூண்டில் போடக் கிளம்புவார்கள்.

மீன் பிடிப்பதைவிட, அதற்குத் திட்டம் போடுவதுதான் அவர்களுக்குத் தித்திப்பு. கதிர் பால் பிடிக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். எந்தக் கண்மாய்க்கு முதலில் போவது, எந்த முள்ளைக் கட்டுவது, கட்டுச்சோற்றுக்குத் துவையலா ஊறுகாயா? பூவாயி எதைச் சொன்னாலும் உடையான் தலையை ஆட்டுவான்.

"அது சரிப்படாது தாயி."

"ஏன் சரிப்படாது?" என்று அவள் மல்லுக்கு நிற்பாள். கூடை பாதியில் கிடக்கும், உலை பொங்கி வழியும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

அந்த நாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீன் கரைக்கு வந்த பிறகுதான் மசாலா அரைக்கலாம். ஒரு வருஷம், வேலை மிச்சமென்று பூவாயி முதல் நாளே மிளகாயும் மல்லியும் அரைத்து இலையில் பொதிந்துகொண்டாள். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால்தான் சரிப்படாது என்பானே.

மேலக்கண்மாயில் உடையான் கால் வைத்ததும் மடையிலிருந்து கண்மாயைக் காக்கும் பூதம் எழுந்து மசாலா வாசனையை மோப்பம் பிடித்தது.

"நான் மீன் குடுக்கறதுக்கு முந்தியே கொழம்பு கூட்டியாச்சா?"

கண் மூடித் திறப்பதற்குள் உடையான் ஒரு விராலாகிவிட்டான். செவுளில் அவன் காதுக் கடுக்கன் மின்ன, துள்ளித் தண்ணீருக்குள் போனான்.

பூவாயி கதறினாள். "தப்புப் பண்ணுனவ நான் சாமி. என்னைய மீனாக்கு, எங்கண்ணனை விட்டுரு."

பூதத்துக்கு மனம் இளகியது. "அவனுக்குத் தான் யாருன்னு இனி நெனப்பிருக்காது. வாய்க்கா வழியா மூணு கண்மாய்லயும் திரிவான். அவனா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசிட்டா மனுசனாயிருவான். கோடைக்குள்ள பேச வையி. தண்ணி வத்தி ஊரே எறங்கி அள்ளுறப்ப என்னால தடுக்க முடியாது."

மேலக்கண்மாயில் பூவாயி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கண்மாய் வற்றியது. ஊரார் அள்ளிய ஒவ்வொரு கூடையிலும் கடுக்கனைத் தேடி, இல்லையென்று கண்ட பிறகே மூச்சு விட்டாள்.

நடுக்கண்மாயில் அண்ணனுக்குப் பிடித்த புளிச்சோற்றை உருட்டிப் போட்டாள். கெண்டைகள் தின்றன. அதுவும் வற்றியது. அங்கும் கூடை கூடையாகத் தேடினாள்.

கீழக்கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். தமுக்கடிப்பவன் கரையோரம் வந்து, "நாளைக் காலையில இந்தக் கண்மாய்ல மீன் அள்ளுறோம், எல்லாரும் கூடையோட வந்து சேருங்க" என்று அறிவித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் பூவாயி கரையில் உட்கார்ந்தாள். கூப்பிடக் குரலில்லை, போடச் சோறில்லை. இத்தனை நாளும் வீட்டில் அவள் சொன்னதை மறுக்க ஓர் ஆளில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பழைய பழக்கத்தில், யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்தாள்.

"அண்ணே, அடுத்த வருசம் கீழக்கண்மாய்க்கு மொதல்ல போவோம்."

தண்ணீர் அசையவில்லை.

"கட்டுச்சோத்துக்கு ஊறுகாயே போதும்."

ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே கடுக்கன் மின்னியது. பூவாயி பேச்சை விடவில்லை.

"விராலுக்கு மண்புழுவையே குத்திப் போடுவோம். தவளக்குஞ்சு தேடிக்கிட்டு எவன் அலையிறது?"

விரால் தலையை வெளியே நீட்டியது. அதற்கு மேல் அதனால் பொறுக்க முடியவில்லை.

"அது சரிப்படாது தாயி."

சொன்ன வாய் மூடுமுன், பாசி வழிய வழிய உடையான் முழங்கால் தண்ணீரில் நின்றான். பூவாயி இறங்கி ஓடி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ சொன்னாச் சரிதாண்ணே" என்றாள்.

உடையான் பதறிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "என்ன தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

மறுநாள் ஊரே மீன் அள்ளியது. அவர்கள் வீட்டில் மட்டும் ரசமும் சோறும். அடுத்த மழையில் மூன்று கண்மாய்களும் கரைமுட்டின. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தார்கள். கதை கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்.