தண்ணீர் காத்த மாசிலாமணியார்

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்திலுள்ள சாந்தக்குறிச்சியில் ஊராருக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுவது மாசிலாமணியாரின் வேலை. ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அவர். பொழுது விடியும்போதே மோட்டாரைப் போட்டுவிட்டு, இரும்பு ஏணியில் ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். தூசி தும்பு எதுவும் இல்லை என்று கண்ட பிறகே பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். அந்தக் காத்திருப்பு அவருடைய ஜெபநேரம். மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று ஒவ்வொரு தெருவாகச் சொல்லி, அங்கே நோயில் கிடப்பவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார்.

அதோடு வீட்டுக்குப் போய்விட மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவின் கடைசிக் குழாய்க்கும் போய், சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, குளோரின் சோதிக்கும் மருந்தைச் சொட்டு விட்டுப் பார்ப்பார். தண்ணீர் மஞ்சளானால் பவுடர் கடைசி வீடுவரை வேலை செய்கிறது என்று பொருள். மாதம் இருமுறை தொட்டியை வடித்துவிட்டு உள்ளே இறங்கி, தேங்காய் நாரால் சுவர் முழுக்கத் தேய்த்து, மூலைகளை விரலால் தடவிப் பார்ப்பார்.

“கோயிலைக் கழுவக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே அண்ணாச்சி. அதுக்குள்ள யார் வந்து எட்டிப் பார்க்கப் போறா?” என்று ஊராட்சித் தலைவர் கனகராஜ் ஒருநாள் கேட்டார்.

“ஆண்டவர் தந்த வேலை தலைவரே. அரைகுறையாச் செஞ்சிட்டு ஞாயித்துக்கிழமை அவர் முன்னால எப்படிப் போய் நிக்க?” என்றார் மாசிலாமணியார்.

டீக்கடை தங்கையாவுக்கு இது நல்ல வேடிக்கை. “ஓய், இன்னைக்கு டேங்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?” என்று தினமும் கேட்பார். கடையே சிரிக்கும். மாசிலாமணியாரும் கூடச் சிரித்துவிட்டு டீயைக் குடித்துச் செல்வார்.

ஓர் ஐப்பசி மாதம் விடாத மழை. மழை ஓய்ந்த செவ்வாய்க்கிழமை காலை கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. பத்து மணிக்குள் பதினேழு பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அவர்களில் மாசிலாமணியாரின் மனைவி அன்னப்பழமும் இருந்தார்.

மாசிலாமணியார் அன்று கீழத்தெருக் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர் மஞ்சளாகவில்லை. முந்தின நாள் காலையில் நன்றாக மஞ்சளித்திருந்தது. மறுபடி பிடித்தார், நிறம் வரவேயில்லை. ஓடிப்போய் அந்தத் தெருவின் வால்வை மூடினார். மூடுவதைக் கண்ட தெருக்காரர்களுக்கு ஆத்திரம் பொங்கியது.

“தப்பு இவர் மேல இருக்கு. அதான் அவசரமா மூடுதாரு!” என்று ஒருவர் கத்தினார்.

“ஜெபம் பண்ணிக்கிட்டு எதைக் கலக்கினீரோ?” என்றார் தங்கையா. அன்று அவர் குரலில் வேடிக்கை இல்லை. அவர் மகளும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

கனகராஜ் கூட்டத்துக்கு நடுவே வந்து தொட்டிச் சாவியைக் கேட்டார். மாசிலாமணியார் எடுத்துக் கொடுத்தார். “வேலையை விட்டு நிறுத்துங்க, சரி. கீழத்தெரு வால்வை மட்டும் திறந்துராதீங்க தலைவரே” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே அவர் உடைந்து போனார். எங்கேனும் கை பிசகிவிட்டதோ என்று அஞ்சினார். “ஆண்டவரே, குற்றம் என்னுடையதானால் மறைக்காமல் காட்டும். இந்தப் பிள்ளைகளை மட்டும் காப்பாற்றும்” என்று மன்றாடினார்.

அன்னப்பழம் கண்ணைத் திறந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. “மத்தத் தெருவில யாருக்காவது இப்படி இருக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லையே.”

“அப்போ டேங்க்ல இல்ல. வழியில எங்கேயோ இருக்கு. இங்க உட்கார்ந்து அழாதீங்க, போய்த் தேடுங்க. நான் கிடந்துக்கிடுவேன்.”

அந்த வார்த்தை அவரை எழுப்பியது. ஊருக்குத் திரும்பி, மண்வெட்டியோடு வால்விலிருந்து குழாய் போகும் தடத்தில் நடந்தார். சாக்கடையைக் கடக்கும் பாலத்தருகே, முந்தின நாள் ஒரு லாரி புதைந்து, அதை இழுத்தெடுத்த பள்ளம் தெரிந்தது. அங்கே வெட்டினார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவரும் கை கொடுக்கவில்லை. தொட்டியைச் சோதிக்க வந்திருந்த சுகாதார ஆய்வாளர் அம்மையார்தான் முதலில் குனிந்து பார்த்தார். மண்ணுக்குள் குழாய் ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. பிளவின் வழியே சாக்கடை நீர் உள்ளே போயிருந்தது.

“இவர் காலையிலேயே வால்வை மூடலைன்னா இன்னும் எத்தனை பேர் படுத்திருப்பாங்களோ” என்றார் அம்மையார். “தொட்டிக்குள்ள இறங்கிப் பார்த்தேன். என் வீட்டுக் குடத்தைக்கூட நான் அப்படி வைக்கலை.”

தங்கையா பள்ளத்தில் இறங்கி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சோதனை முடிவு வந்தது. தொட்டித் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. அதைவிடப் பெரிய செய்தியாக, பதினேழு பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். அன்னப்பழம் கடைசியாக வந்தார். வந்ததும் ஒரு வாய் கஞ்சி கேட்டார். ஊர் மூச்சு விட்டது. கனகராஜ் வீடு தேடி வந்து சாவியை நீட்டி, “மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றார். மாசிலாமணியாருக்குக் கோபம் வரவில்லை; அழுகைதான் வந்தது.

மறுநாள் புதுக் குழாய் பதித்தார்கள். அவர் வழக்கம்போல் தொட்டியை வடித்து உள்ளே இறங்கினார். சுவரெல்லாம் தேய்த்து முடித்து, ஈரத் தரையில் களைத்து உட்கார்ந்தார். திறந்திருந்த மூடி வழியே வெயில் வட்டமாக விழுந்தது. புகழ்வாரும் பழிப்பாரும் இல்லாத அந்த இடத்தில், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலை அவர் உள்ளத்தில் கேட்டார்.

“மாசிலாமணி, ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தண்ணீரைக் குடித்தது நானே. நன்றாயிருந்தது.”

அவர் முழங்காலில் விழுந்தார். வெகுநேரம் கழித்து எழுந்துவந்து, சிந்திய கண்ணீர்த் தடத்தையும் சேர்த்துத் தரையை இன்னொருமுறை கழுவிவிட்டே தண்ணீர் நிரப்பினார். செய்யும் வேலையையே ஆராதனையாக்கிய அந்த எளிய அடியாரை ஈன்ற மண் பாக்கியம் பெற்றது.