ஆறு மணி முகம்

என் குருவுக்கு வயது முப்பத்தாறு. எனக்கு நாற்பத்தொன்பது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அவர் பெயர் ஜெசிந்தா. திருச்சி உறையூரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே முதல் மாடியில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். நான் வேதவல்லி. இருபத்திரண்டு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் தொழில் கற்றுக்கொள்ள இவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் என்னை வேதாக்கா என்பார். நான் அவரை மேடம் என்பேன்.

மருந்துக் கடையில் எல்லாம் தெளிவு. மாத்திரைக்கு நோய் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. இங்கே வந்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றிவிட்டது.

காலையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். கண்ணோரத்தில் சுருக்கம். "இது போகுமா ஜெசி?" என்று கேட்டார்.

"போகும்க்கா," என்றார் மேடம். ஒரு க்ரீம் எடுத்துக் கொடுத்தார்.

மதியம் இன்னொரு பெண். அதே வயது, அதே கண்ணோரம், அதே சுருக்கம். "வீட்டுக்காரர்தான் போய்க் காட்டிட்டு வான்னு அனுப்பினாரு. இது போகுமா?"

"போகாதுக்கா," என்றார் மேடம். அதே க்ரீமை எடுத்துக் கொடுத்தார்.

அவர் படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கேட்டேன்.

"மேடம், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முகத்துல விழுந்த வயசு போகுமா, போகாதா?"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? யாருக்கு விழுந்துச்சோ அவங்களுக்குத்தான்."

மேடம் சிரித்தார். "அந்த நூல்கண்டை எடுங்கக்கா. அடுத்து புருவம்."

இப்படித்தான் அவர் பதில் சொல்வது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் கழித்து தமயந்தி வந்தார். ஐம்பத்தேழு வயது. நரைத்த தலை, கன்னம் இரண்டிலும் கருந்திட்டாய் மங்கு, வெடித்துப் போன உதடு. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கடுகு மஞ்சள் புடவையில் ஓர் இளம்பெண். ஒற்றைப் பின்னல், அரக்கு நிறத்தில் பெரிய பொட்டு.

"யாருக்கா இது? மகளா?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா. இருபத்தேழு வயசுல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது." பிறகு மேடத்தைப் பார்த்தார். "என்னை இப்படி ஆக்கிடுங்க."

அடி ஆத்தாடி! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மேடம் சிரிக்கவில்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை இவரிடமும் கேட்டார்.

"எந்த வெளிச்சத்துல பாக்கப் போறாங்க?"

"வீட்டு டியூப் லைட்டு. சாயங்காலம் ஆறு மணி."

"யார் பாக்கணும்?"

"எங்கம்மா."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

தமயந்தி மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்கு எண்பத்திரண்டு. இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. இப்போது மகளையே தெரியவில்லை. மகள் என்றால் அவருக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போன இருபத்தேழு வயதுப் பெண்தான். ஆறு மணி பஸ்ஸில் அவள் வருவாள் என்று வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்.

"தட்டை நீட்டினா தள்ளி விடறாங்க. என் மக வரட்டும், அவ பசியோட வருவா, நான் மட்டும் திங்கறதான்னு கேக்கறாங்க. கஞ்சியை ஸ்பூன்ல குடுத்தா பாதி வெளிய. எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க. இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு." தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவ பட்டினி கிடக்கறா. நான் எதிர்லதான் நிக்கறேன்."

"பகல்ல அவங்களை யாருக்கா பாத்துக்கறாங்க?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான்."

"அப்ப உங்களை யாருன்னு நினைக்கறாங்க?"

"வீட்டோட இருக்கற யாரோ வயசான அம்மான்னு. திட்டுவாங்க. ஆனா ராத்திரி நான் காலைப் பிடிச்சு விட்டாத்தான் தூங்குவாங்க."

மேடம் போட்டோவைக் கண்ணாடி ஓரத்தில் செருகினார். "மூணு வாரம் டைம் குடுங்க. தினமும் வாங்க."

தமயந்தி போன பிறகு என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"க்ரீம் பூசி முப்பது வருஷத்தை எடுக்க முடியுமா மேடம்? மூணு வாரத்துல என்ன போகும்?"

"வறட்சி போகும்."

"அவ்வளவுதானா?"

"அவங்க முப்பது வருஷம் கேக்கலக்கா. ஒரு வேளை சோறு கேக்கறாங்க."

மறுநாளிலிருந்து வேலை. காலையில் வெயிலுக்கு ஒரு க்ரீம், இரவில் ஈரப்பதத்துக்கு ஒன்று. தினமும் ஆவி பிடித்து, தாடையிலிருந்து மேல்நோக்கித் தேய்த்துவிடுவது என் பொறுப்பு. நான் மும்முரமாக இறங்கினேன். அந்த அம்மா சாப்பிட்டாக வேண்டும், எனக்கு அது ஒன்றுதான்.

"மேடம், மங்கு போறதுக்குக் கொஞ்சம் வீரியமா ஏதாவது போடலாமா?"

"வேண்டாம். தோல் உரிஞ்சு சிவந்து போய் நின்னா அவங்கம்மா பயந்துடுவாங்க."

அது சரி என்று பட்டது. முடி விஷயம்தான் புரியவில்லை. "தலைக்கு ஒரு தடவை சாயம் போட்டா ஒரு மாசத்துக்குக் கவலையில்ல மேடம்."

"சாயம் வேண்டாம். ஈரத்துண்டால துடைச்சா போற கருப்பு இருக்குல்ல, அதைத் தெளிங்க. பின்னலுக்குச் சவுரி."

"தினமும் தெளிக்கணுமே!"

"தெளிப்போம்."

இரண்டாவது வாரம், முகத்தை முடித்துவிட்டுத் தமயந்தியின் கையைப் பிடித்தேன். பாத்திரம் தேய்த்து, அம்மாவின் துணியைத் துவைத்து, காய்ந்து சொரசொரத்துப் போன கை. நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. க்ரீமை எடுத்தேன்.

"கையை விட்டுடுங்கக்கா," என்றார் மேடம்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். "மேடம், வயசைக் காட்டிக் குடுக்கறதே கையும் கழுத்தும்தான்."

"ஆமா."

"இவங்க அந்தக் கையாலதான் ஊட்டப் போறாங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"விட்டுடுங்க."

இது என்ன படிப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை. மேடம் நான்கு மணிக்குத் தமயந்தி முன்னால் ஒப்பனைக்கு உட்கார்ந்தார். ஐந்தரைக்கு எழுந்தார். கண்ணாடியில் நான் பார்த்தேன், போட்டோவையும் பார்த்தேன். பகலில் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் மேடம் ஜன்னலைச் சாத்தி டியூப் லைட்டைப் போட்டதும் எனக்கே ஒரு நிமிடம் கண் தடுமாறியது. தமயந்தி கண்ணாடியைப் பார்க்காமல் கடுகு மஞ்சள் புடவையின் தலைப்பையே திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூடப் போங்கக்கா," என்று மேடம் என்னிடம் ஒரு பையைக் கொடுத்தார். "வியர்த்தா ஒத்தி எடுங்க, தேய்ச்சுடாதீங்க."

வீடு புத்தூரில். சரியாக ஆறு மணிக்கு வாசல் கதவைத் தட்டினோம். பக்கத்து வீட்டுப் பெண் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கூடத்தில் வாசலைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் துணி மூட்டை அளவுக்கு ஒரு அம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தமா! ஏன்டி இவ்வளவு நேரம்? பஸ் கிடைக்கலயா?"

தமயந்தி தலையை மட்டும் ஆட்டினார்.

"நிக்கறதப் பாரு. கையைக் கழுவிட்டு வா. பசிக்குதுடி எனக்கு."

பசிக்கிறது என்றார்! அந்த ஒரு வார்த்தைக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தமயந்தி ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். ஒரு வாய், இரண்டு வாய். எட்டாவது வாயில் தமயந்தியின் கண் நிறைந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஒத்தி எடுத்தேன்.

"ஏன்டி அழற? ஆபீஸ்ல யாராச்சும் திட்டினாங்களா?"

"இல்லம்மா. காரம்."

பதினோராவது வாய். அந்த அம்மா திடீரென்று தமயந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். கையை விட்டுடுங்க என்று சொன்ன மேடத்தை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"இதென்னடி, அந்தம்மா கை மாதிரி இருக்கு?"

"எந்தம்மா?"

"இங்கதான் இருப்பாங்க. தல நரைச்சவங்க." அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். "எங்க காணோம்? பாவம்டி, நாள் முழுக்க எனக்குச் செய்யறாங்க. நீ வரலங்கற ஆத்திரத்துல அவங்களை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்களோ?"

"இல்லம்மா, நான் இருக்கேன்ல."

"நீ இருடி. அவங்க எங்க?" அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த கவளம் உதட்டில் பட்டு மடியில் விழுந்தது. "அவங்களைக் கூப்பிடு. அவங்க வந்தாத்தான் நான் படுப்பேன்."

தமயந்தி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று வாரம் பாடுபட்டு யாரைத் துடைத்து எடுத்தோமோ, அவரைத்தான் இப்போது கேட்கிறார். வாசலுக்கு ஓடி மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், சாப்பிட்டாங்க. பதினோரு வாய்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆனா இப்ப அந்த வயசானவங்களைக் கேக்கறாங்க! எனக்கு ஒண்ணுமே புரியல. நாம செஞ்சது சரியா, தப்பா?"

"பைக்குள்ள பாருங்கக்கா," என்றார் மேடம்.

திறந்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டில், பஞ்சு, ஈரத்துண்டு. அடியில் தமயந்தி பகலில் பார்லருக்குக் கட்டிக்கொண்டு வந்த பழைய புடவை, மடித்து வைத்திருந்தது.

உள்ளே போய்ப் பையைத் தமயந்தியிடம் காட்டினேன். "குளிச்சிட்டு வர்றேம்மா," என்று அவர் சமையலறைக்கு எழுந்து வந்தார். அங்கே வைத்து நான் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தேன். பொட்டை எடுத்தேன். சவுரியைக் கழற்றினேன். துண்டால் தலையைத் துடைக்கத் துடைக்க நரை வெளியே வந்தது. அவர் குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பழைய புடவையில் அவர் கூடத்துக்குப் போனதும் அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

"வாங்க, வாங்க. எங்க போயிட்டீங்க? நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்லம்மா."

"என் மக வந்துட்டா. குளிக்கறா. நான் சாப்பிட்டுட்டேன்." பிடித்த கையை அவர் விடவில்லை. காய்ந்துபோன அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

தமயந்தியை அப்படி யாரும் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ.

"சாப்பிடுங்கம்மா. என் மகளுக்கு எடுத்து வெச்சது இருக்கும். அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து மேடம் கடையைத் திறந்தார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடி ஓரத்தில் அந்த போட்டோ இன்னும் செருகியிருந்தது. ஐந்து மணிக்குத் தமயந்தி வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அந்தக் கையைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அவர் பிரஷ்ஷுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சரி, அது போகட்டும். முதல் நாள் கேட்டதையே கேக்கறேன். இன்னைக்காவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. வயசு போகுமா, போகாதா?"

"யாருக்கு?"

எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"தமயந்தி அக்காவுக்கு."

மேடம் பிரஷ்ஷை உதறிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்கு ஆறு மணிக்குப் போகணும், ஏழு மணிக்குத் திரும்பி வரணும். பாட்டில்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்கக்கா."