ஒரு மூட்டை கரி

மரக்காணம் பக்கம் உப்பங்கழியோரத்தில் ஒரு சின்ன மடம். குருபூசைக்கு முன்னால் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். அதற்குச் சுண்ணாம்பைக் கடையில் வாங்குவதில்லை. கழியில் அள்ளிய கிளிஞ்சலை மடத்துச் சூளையிலேயே சுட்டுக்கொள்வார்கள்.

மடத்தை நடத்தும் மங்களநாயகி அம்மாவுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அம்மா உட்பட எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்.

ஒரு நாள் காலை அவர் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நாலு வருஷமா தினம் அரைமணி நேரம் தியானத்துல உக்கார்றேன். ஒரு நாள் தவறினதில்ல. இங்க அமைதியாத்தான் இருக்கேன். ஆனா மகள் போன் பண்ணினா ரெண்டாவது வார்த்தையிலேயே பழைய கோபம் வந்துடுது. இந்தக் கோபம் போறது எனக்கு நடக்குமா, நடக்காதா? நடக்காதுன்னா சொல்லிடுங்கம்மா, கிளம்பிடறேன்."

"கிளிஞ்சல் சுடணும். ஒரு மூட்டை கரி இருக்கு. சுட்டுக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார் அம்மா.

வாத்தியார் எதையும் அளந்து செய்கிற மனிதர். ஒரு மூட்டைக் கரியை ஒரே நாளில் எரிப்பது அவருக்கு ஊதாரித்தனமாகப் பட்டது. ஏழு பங்காகப் பிரித்து, தினம் ஒரு பங்கு போட்டு, ஏழு நாள் சிறு தீயில் வாட்டினார். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

எட்டாம் நாள் கிளிஞ்சலைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். வெந்திருந்தால் சீறிப் பொங்கிப் பொடியாக வேண்டும். அது நனைந்தது, அவ்வளவுதான்.

"நல்லாக் குளிச்சிருக்கு" என்றார் அம்மா.

வாத்தியாருக்கு அவமானமாகப் போய்விட்டது.

மறுநாள் அம்மா புதுக் கிளிஞ்சல் போட்டு, இன்னொரு மூட்டைக் கரியை மொத்தமாகக் கொட்டி, துருத்தி வைத்து ஊதினார். அன்று சாயங்காலம் ஆறின கிளிஞ்சலில் தண்ணீர் பட்டதும் சட்டி கொதித்தது.

"அதே ஒரு மூட்டை கரி. என்ன வித்தியாசம் வாத்தியாரே? நீங்க நடத்தின பாடம்தானே?"

"ஆமாம்மா. கிளிஞ்சலுக்குள்ள கரியமில வாயு கட்டுண்டு கெடக்கு. அந்தக் கட்டு விடாது. வாயுவுக்கு வெளிய போய்ப் பரவணும். அந்தப் பரவலைத்தான் என்ட்ரோபின்னு அளக்கறோம். ரெண்டுல எது ஜெயிக்கும்ங்கிறதுதான் கட்டிலா ஆற்றல், அதாவது ஃப்ரீ எனர்ஜி கணக்கு. சூடு ஏற ஏற பரவற பக்கத்துக்குப் பலம் கூடும். அந்தச் சூட்டைத் தொடலேன்னா ஏழு நாள் இல்ல, ஏழு வருஷம் வாட்டினாலும்..."

வாத்தியார் நிறுத்தினார். சட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்போ எனக்கும் நடக்கும்."

"நடக்கும்."

"நாளையிலேருந்து அரைமணிய மூணு மணியா ஆக்கிடறேன்."

அம்மா சிரித்துவிட்டார். "மகள் வீடு எங்க இருக்கு?"

"கடலூர்ல."

"இங்க வந்த பிறகு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"போனதில்ல."

"இங்க உங்க மேல சூடே படலையே வாத்தியாரே. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிங்க. அங்க போய் ஒரு மாசம் உக்காருங்க."