பின்கட்டின் பிளக்

மடத்தில் சமையல் வேலை செய்யும் செண்பகவல்லி, வெந்நீர் ஹீட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உருகியிருந்த பிளக் கையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வெந்துபோனது.

அலறல் கேட்டு ஓடிவந்து மெயினை அணைத்தவர் தில்லைநாயகம். முப்பது வருடம் மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மடத்தின் தலைவி மரகதம்மையிடம் சீடராக வந்தவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

பிளக் பெட்டியைக் கழற்றினார். உள்ளே அலுமினிய வயர். திருகாணி தளர்ந்து, சுற்றிலும் கரிந்திருந்தது.

முன்கட்டில் குருவின் அறையும் விருந்தினர் அறைகளும் காப்பர் வயர். சமைக்கிற, பெருக்குகிற பெண்கள் பதினெட்டுப் பேர் தங்கும் பின்கட்டு முழுக்க அலுமினியம். இரண்டையும் தானமாகக் கட்டித் தந்தவர் அரிசி ஆலை அதிபர் குழந்தைவேலு. அன்று காலை தரிசனத்துக்கு வந்திருந்தார்.

குருவின் எதிரே உட்கார்ந்திருந்த அவர் முன்னால் தில்லைநாயகம் கரிந்த வயரை நீட்டினார்.

"இது என்ன முதலாளி?"

"அலுமினியம். ஏன், தெருவுல கம்பத்துக்குக் கம்பம் அதுலதானே கரண்ட் வருது? வீட்டுக்குள்ள வந்தா மட்டும் கடிக்குமா?"

"அது தடிமன் வேற, அதை இணைக்கிற முறை வேற. இங்க மெல்லிசுக் கம்பியைத் திருகாணியில சும்மா முறுக்கி விட்டிருக்காங்க. சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். நாளாக நாளாகப் பிடி விட்டுப்போகும். பிடி விட்ட இடம் இன்னும் சூடாகும். தீப்பிடிச்சிருந்தா பதினெட்டு உயிர்!"

"ஒரு ஆபத்தும் இல்லைங்க. அந்தப் பொண்ணு பிளக்கைச் சரியாச் சொருகியிருக்க மாட்டா."

தில்லைநாயகம் குருவிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா, இது ஆபத்தா இல்லையா?"

மரகதம்மை எழுந்து தன் அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டி எடுத்தார். பின்கட்டுக்கு நடந்தார். செண்பகவல்லியின் அறையில் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"செண்பகம், கை ஆறுற வரைக்கும் நீ என் அறையில இரு. ஐயா, மெயினைப் போடுங்க."

"அம்மா!"

"ஆபத்தில்லைன்னு கட்டினவரே சொல்றாரே. போடுங்க."

தில்லைநாயகம் எரிந்த பிளக்கின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மெயினைப் போட்டார். குருவின் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

முன்கட்டிலேயே இருந்த குழந்தைவேலு செய்தி கேட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அம்மா, நீங்க இங்க இருக்கக் கூடாது. முதல்ல வெளியில வாங்க."

"ஏன்?"

"இங்க வயரிங்... அவ்வளவு சரியில்லைங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாசலில் நின்ற பெண்கள் அவரையே பார்த்தார்கள்.

"சாயந்திரத்துக்குள்ள இந்த அறைக்குக் காப்பர் போட்டுத் தரச் சொல்றேன்" என்றார்.

"இந்த அறைக்கு மட்டுமா?"

அவர் தலை குனிந்தது. "எல்லா அறைக்கும்" என்றார்.

அதன் பிறகே குரு எழுந்தார். வேலை ஒன்பது நாள் நடந்தது. பெண்கள் விருந்தினர் அறைகளில் தங்கினார்கள். கடைசி நாள், கழற்றிய வயர்கள் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தில்லைநாயகத்துக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

"தெரிஞ்சே போட்டிருக்காரு, பாருங்கம்மா. எப்படி மனசு வந்துச்சு அந்த மனுஷனுக்கு?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"திறப்பு விழா அன்னைக்கே. ஒரு பெட்டி மூடாமக் கிடந்துச்சு. பார்த்தேன்."

"அது ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"பதினாலு மாசம்."

"ஏன் சொல்லல?"

"தானமாச் செய்யறவர்கிட்டக் குறை சொல்ல வேண்டாமேன்னு..."

"நீங்க எந்தக் கட்டுல படுக்கறீங்க?"

"முன்கட்டுல" என்றார் தில்லைநாயகம்.

"பதினாலு மாசமா அந்தச் சுவருக்குள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு, ஐயா" என்றார் குரு. "உங்களுக்குக் கோபம் வர ஒருத்தி கை வேகணுமா?"