வேலையவிட்டுத் தூக்க முடியாத ஆளு

சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா சொல்லாமயும் இருக்க முடியல. எங்க வீட்டுக்காரரு ரைஸ்மில் முதலாளி. மில்லுல கெடந்த பழைய லேப்டாப்புக்குப் புதுசா ஓ.எஸ். ஏத்தச் சொன்னாரு, பில் போடுற கோமளாகிட்ட. பென்டிரைவச் செருகி ஏத்தினா பாதியில நின்னுபோச்சு. மறுபடி ஏத்தினா, செருகின பென்டிரைவே இல்லைங்குது.

"கெடுத்தது நீதான். இல்லன்னா கெடுத்தவன் பேரைச் சொல்லு, இன்னிக்கே வேலையவிட்டுத் தூக்குறேன்!"னு நானும் நிக்கிறப்பவே எல்லார் முன்னாடியும் குதிச்சாரு.

கோமளா பென்டிரைவ் செருகுற ஓட்டைய ஊக்கால நோண்டினா. "ஆளு தெரிஞ்சுபோச்சுங்கய்யா. ஆனா அவரைத் தூக்க இங்க யாருக்கும் அதிகாரம் இல்லீங்களே!"

"எனக்கே இல்லாத அதிகாரமா? யாருடி அவன்?"

ஊக்கு நுனியில காஞ்ச சந்தனம் கட்டியா வந்துச்சு. ஆயுத பூஜைக்கு லேப்டாப்பு வரைக்கும் மெஷினுக்கெல்லாம் இவரு தன் கையாலதான் சந்தனப் பொட்டு வைப்பாரு. கிண்ணத்த வேற யாரும் தொடக் கூடாது. எங்க சின்ன மாமியாரும் இப்படித்தான், கிரைண்டருக்குள்ளயே குங்குமம் வச்சு, வீடே செவத்த தோசை தின்னுச்சு. அத விடுங்க.

மூட்டை தூக்குறவங்கல்லாம் சிரிப்ப அடக்கிட்டு நிக்கிறாங்க. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "இந்தத் தடவை அவனை மன்னிச்சுரலாம், கோமளா"ன்னாரு.

"அவரு வாயத் தெறந்து கேட்டா மன்னிச்சுரலாங்கய்யா."

கேட்டாரு. நான் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டேன்.