தட்டாத பானை

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் சக்கரம் சுற்றட்டும்.

சோணையா வேளார் சக்கரத்தைச் சுழற்றினால் களிமண் நிலா மாதிரி எழும்பும்; அவரும் கூடவே மிதப்பார். அந்தக் கனவுக்குள் மிராசுதார் நுழைந்தார்.

"பானையை டப்பு டப்புன்னு தட்டி என் மத்தியானத் தூக்கத்தையே கெடுக்கிறியே! தட்டாம ஒரு பானை செஞ்சு கொடு. இல்லேன்னா என் கண்மாயில பிடி மண் அள்ளக்கூடாது!"

"செஞ்சுட்டா அள்ளலாமுங்களா?"

"தாராளமா!"

சுட்ட பானை மிராசுதார் வீட்டு முற்றத்து மணலில் உட்கார்ந்தது. அவரே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"அடேயப்பா, எவ்வளவு கொள்ளுது! மண்ணை அள்ளிக்கய்யா!"

"புண்ணியமுங்க. சக்கரத்துல வர்றப்போ பானைக்கு அடி திறந்துதான் இருக்கும். தட்டித்தான் மூடணுமுங்க."

மிராசுதார் பானையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய கால்விரல்கள் அவரையே பார்த்தன.