டாக்டர் ஐயா வரும் நேரம்

“அந்தப் பொண்ணு நடிக்கிறா மேடம்,” என்றார் நல்லபெருமாள்.

தலை நரைத்த பிறகு நரம்பியல் படிக்க வந்தவர் அவர். பாடம் சொல்லும் ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர். ஊரில் கைராசி டாக்டர் என்று பெயர் எடுத்தவருக்கு அது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது.

“எந்தப் பொண்ணு?”

“முத்துக்கனி. தலைவலின்னு வந்தவ. ஸ்கேன் சுத்தமா இருக்கு. மத்த நேரம் சும்மாதான் கிடக்கா. நான் ரவுண்ட்ஸ் போனா மட்டும் தலையைப் பிடிச்சுக்கிறா.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“நோய் இல்லைன்னா அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவோம்னு மாமியார் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கைக்குழந்தைக்காரி, பாவம். அதுக்காக இல்லாத நோயை நான் எழுத முடியுமா?”

ரெஜினா எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ரவுண்ட்ஸ் நேரத்துக்கு முன்பே வார்டுக்கு நடந்தார். நல்லபெருமாள் பின்னால் போனார்.

முத்துக்கனி தலையணைகூட இல்லாமல் படுத்துக்கொண்டு குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் வலியின் சுவடே இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் நல்லபெருமாள். அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அவர் குரல் கேட்டதுதான் தாமதம். அடித்துப்பிடித்து எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, கட்டிலோரம் நின்று கும்பிட்டாள்.

ரெஜினா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சுருங்கியது. கை தானாகப் பிடரிக்குப் போனது.

“படுத்துக்கோம்மா,” என்றார் ரெஜினா.

கோட் இல்லாத ரெஜினாவை யாரோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“நீங்க சொல்றது நல்லா இருக்குக்கா. டாக்டர் ஐயா நிக்கும்போது நான் படுக்கவா?”

ரெஜினா திரும்பினார். “சார், இவங்க படுத்திருக்கும்போது வலி இருக்கான்னு கேட்டிருக்கீங்களா?”

“நான் கிட்டப் போனாலே எந்திரிச்சு நின்னுருவாளே மேடம்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உறைத்துவிட்டது.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் எங்கோ கசிந்து அழுத்தம் குறைந்தால், நிமிர்ந்ததும் தலை வலிக்கும், படுத்தால் விட்டுவிடும். சில சமயம் ஸ்கேனில்கூடத் தெரியாது. போன தேர்வில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியவர் அவர். வெட்கமாக இருந்தது.

முத்துக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

நல்லபெருமாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். வார்டே பார்க்க, அவள் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“இப்பப் படும்மா. மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.”